பொதுப் பாத்திரத்தின் முன் தயங்கும் சபை

கேள்வி: நான் தென்மாவட்டத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றைச் சேர்ந்தவள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சபையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு சகோதரி, கணவர் எய்ட்ஸ் நோயால் இறந்தபின் ஊர் திரும்பினார். அவருக்கும் எச்.ஐ.வி. தொற்று இருப்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் நாங்கள் ஒரே பாத்திரத்தில் பருகுகிறவர்கள். அவர் பீடத்தருகே முழங்காலிட்டால் அவருக்கு அடுத்த இடத்தில் யாரும் முழங்காலிடுவதில்லை. சபையின் பொது விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்க வந்தவரை, "நீ போய் உட்காரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அரசு மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. மூப்பர் ஒருவர், கொஞ்சம் புளித்த மா பிசைந்த மா முழுவதையும் புளிக்கவைக்கும் என்ற வசனத்தைச் சொல்கிறார். அவருக்காகத் தனிக் கிண்ணம் வைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். இப்போது அந்தச் சகோதரியே, "நான் அபாத்திரமானவள்" (தகுதியற்றவள்) என்று சொல்லி, திருவிருந்து நேரத்தில் இருக்கையிலேயே இருந்துவிடுகிறார். என்னை அதிகம் வாட்டுவது வேறொன்று. எனக்கும் அந்த அருவருப்பு வருகிறது. எச்சிலால் பரவாது என்று தெரிந்தும், அவர் பருகிய பாத்திரம் என்னிடம் வரும்போது வயிறு புரட்டுகிறது. இது அவிசுவாசமா? திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் என் மகள், "அந்த அத்தை ஏன் பீடத்துக்கு வர்றதில்ல?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சபையின் சிக்கலைத் திறக்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் வயிறு புரட்டுவது அவிசுவாசம் அல்ல, அன்பின்மையும் அல்ல. அருவருப்பு என்பது மனிதர் வாய்க்குக் காவலாக உடம்பு வளர்த்துக்கொண்ட ஓர் உணர்ச்சி. அழுகியதையும் நஞ்சையும் உள்ளே போகவிடாமல் தடுக்க, யோசிப்பதற்கு முன்பே அது வேலை செய்கிறது. அந்த வேகத்துக்கு விலையாக, உண்மையான ஆபத்தையும் ஆபத்தின் வெறும் சாயலையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

இதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் பால் ரோசின். 1986 இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கப்பட்ட செத்த கரப்பான்பூச்சி ஒன்றைப் பழச்சாற்றில் அமிழ்த்தி எடுத்தார்கள். அதனால் கெடுதல் இல்லை என்று தெரிந்தும் மக்கள் அந்தச் சாற்றைக் குடிக்க விரும்பவில்லை. அதே ஆய்வில், இரண்டு குப்பிகளில் சர்க்கரையை இட்டு, ஒன்றில் 'சர்க்கரை' என்றும் மற்றொன்றில் 'சயனைடு' என்றும் எழுதிய சீட்டுகளைப் பங்கேற்றவர்களே தங்கள் கையால் ஒட்டினார்கள். ஒட்டியவர்கள் தாங்களே என்று அறிந்திருந்தும், சயனைடு என்று எழுதிய குப்பியின் சர்க்கரையைக் கலந்து குடிக்க அவர்கள் தயங்கினார்கள். எனவே, தெரிந்திருந்தும் அருவருப்பு வருவது உங்களிடம் மட்டும் காணப்படும் குறை அல்ல. இந்த உணர்ச்சியின் இயல்பே அப்படித்தான்.

இதற்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு துளி அசுத்தம் குடம் பாலையும் கெடுத்துவிடும். ஒரு துளி பாலால் குடத்து அசுத்தத்தைச் சுத்தமாக்க முடியாது. அருவருப்பின் கணக்கில் கெட்டது எப்போதும் வெல்லும், நல்லது எப்போதும் தோற்கும். சாப்பாட்டைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு நமக்குப் பாதுகாப்பு. ஆனால் பரிசுத்தம், பாவம், தீட்டு ஆகியவற்றைப் பற்றி ஒரு சமயச் சமூகம் பேசும்போதெல்லாம் கழுவுதல், கறை, வெண்மை என்ற சொற்களையே எடுத்தாள்வதால், சாப்பாட்டுக்கு உரிய அந்தக் கணக்கு மனிதர்கள்மீதும் ஏறிவிடுகிறது. அதன்பின், ஒருவரை விலக்குகிறோம் என்றே சபைக்குத் தோன்றுவதில்லை; பரிசுத்தத்தைக் காக்கிறோம் என்றே தோன்றுகிறது. உங்கள் சபையில் உள்ளவர்கள் கொடியவர்கள் அல்லர் என்று நான் நம்புவது இதனால்தான். அதே காரணத்தால், அவர்கள் தாமாக மாறிவிடுவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது.

மருத்துவரின் பேச்சு ஏன் பலன் தரவில்லை என்று நீங்கள் வியக்கிறீர்கள். 1994 இல் ரோசின் வேறு இருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. பிறர் ஒருமுறை உடுத்தி, பிறகு நன்றாகத் துவைத்த கம்பளிச் சட்டை போன்றவற்றைப் பயன்படுத்துவீர்களா என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். அதை உடுத்தியவர் முன்பின் தெரியாத ஆரோக்கியமானவராகவோ, விபத்தில் காலை இழந்தவராகவோ, காசநோய் உள்ளவராகவோ, கொலை செய்தவராகவோ, எய்ட்ஸ் உள்ளவராகவோ இருந்தால் எப்படி உணர்வீர்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எய்ட்ஸ் பற்றிய வெறுப்பு ஒற்றை உணர்ச்சி அல்ல என்பது தெரியவந்தது. அந்நியர் என்ற கூச்சம், தொற்று பற்றிய அச்சம், ஒழுக்கக்கேடு என்ற கறை, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்ற நடுக்கம் ஆகிய நான்கும் அதில் முறுக்கிக் கிடந்தன.

அந்த நான்கையும் உங்கள் சகோதரியின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். மருத்துவர் பேசியது தொற்று என்ற ஓர் இழையைப் பற்றி மட்டுமே. மற்ற மூன்றையும் அவர் தொடவில்லை, தொடுவது அவருடைய வேலையும் அல்ல. கணவர் இறந்துபோனதால், கல்யாண வீட்டில் விதவையை முன்னே நிற்கவிடாத அதே பழைய நடுக்கம் நம் கிறிஸ்தவப் பெண்களிடத்திலும் வெளியே சொல்லாமல் இருக்கிறது. அந்த நோய் எப்படி வந்திருக்கும் என்ற ஊர்ப் பேச்சு ஒழுக்கக் கறையாக அவர்மீதும் படிகிறது. கணவரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று எல்லோரும் ஊகித்தாலும், ஊகித்ததால் கறை மறைவதில்லை. நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்ததால், பிறந்து வளர்ந்த ஊரிலேயே பாதி அந்நியராகவும் இருக்கிறார். காய் நறுக்கும் இடத்திலிருந்து அவரை அனுப்பிய பெண்களைத் தனித்தனியே கேட்டால் எல்லோரும் கிருமியைத்தான் காரணம் சொல்வார்கள், ஏனென்றால் வெளியே சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான். கொதிக்கும் சாம்பாரில் வேகப்போகும் காயில் எந்தக் கிருமிக்கு அவர்கள் அஞ்சுகிறார்கள்?

மருத்துவ உண்மையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது, ஒரே பாத்திரம், ஒரே தட்டு, தொடுதல், சேர்ந்து உண்ணுதல் எதனாலும் பரவாது. அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரல் முதல் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவினால்கூடத் தொற்று பரவுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. பொதுப் பாத்திரத்தில் யாருக்காவது ஆபத்து உண்டென்றால், சளிக்காய்ச்சலோடு வந்து முழங்காலிடுகிற நம்மால், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கக்கூடிய அவருக்குத்தான்.

இனி, மூப்பர் சொல்லும் வசனம். நான் இறையியலாளன் அல்லன். ஆனாலும் நெடுங்காலம் சபைக் குடும்பங்களோடு பேசிவந்தவன் என்ற முறையில் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1 கொரிந்தியர் 5 ஆம் அதிகாரம், தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டு, அதில் தொடர்ந்து வாழ்ந்த ஒருவனையும், அதைக் கண்டித்துத் துக்கப்படாமல் இறுமாந்திருந்த ஒரு சபையையும் பற்றியது. நோயுற்ற ஒரு விதவையிடம் அதைப் பொருத்துவதற்கு அந்த அதிகாரத்தில் எந்த இடமும் இல்லை. அதே நிருபத்தின் 11 ஆம் அதிகாரத்தை மூப்பர் வாசிக்கட்டும். உங்கள் சகோதரி தன்மீது சுமத்திக்கொண்டிருக்கும் 'அபாத்திரம்' அங்கேதான் வருகிறது. அங்கே கண்டிக்கப்படுகிறவர்கள் யார்? கர்த்தருடைய பந்திக்கு என்று கூடிவந்து, அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிட்டு, "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்ற நிலையை உண்டாக்கியவர்கள், இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள். பந்தியை ஆள்பார்த்துப் பிரித்தவர்களுக்கு எழுதப்பட்ட எச்சரிப்பை, பந்தியிலிருந்து பிரிக்கப்பட்டவர் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டு இருக்கையில் அமர்ந்திருக்கிறார். இதை நான் வேதனையோடு எழுதுகிறேன்.

ஒரே வசனம் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கப்படுவது சபை வரலாற்றில் புதிதல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வாடிய பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதை மாற்கு 5 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த தியோனீசியு, மாதவிலக்கு நாள்களில் பெண்கள் திருவிருந்துக்கு வரலாகாது என்று எழுதியபோது இந்தப் பெண்ணையே எடுத்துக்காட்டினார்: அவள்கூட ஆண்டவருடைய சரீரத்தைத் தொடவில்லை, வஸ்திரத்தின் ஓரத்தை மட்டுமே தொட்டாள் என்பது அவர் வாதம். ஏறக்குறைய 601 ஆம் ஆண்டில், ரோமாபுரியின் ஆயர் கிரகோரியார் இங்கிலாந்துக்கு அனுப்பிய பதில்களில் அதே பெண் மீண்டும் வருகிறாள். அவள் தொட்டது பாராட்டப்பட்டது என்றால், இயற்கையாக நிகழும் ஒன்றுக்காக வேறொரு பெண்ணைக் கோயிலுக்குள் வரவும் நற்கருணை பெறவும் தடுப்பது எப்படி நியாயமாகும் என்று அங்கே கேட்கப்படுகிறது. வசனம் ஒன்றுதான்; வாசித்தவர்களில் ஒருவருடைய கவனம் தீட்டு எங்கே பரவுமோ என்பதில் இருந்தது, மற்றவருடைய கவனம் குணம் எங்கே பரவியது என்பதில் இருந்தது. சுவிசேஷம் இரண்டாவது பக்கம் நிற்கிறது என்றே நான் வாசிக்கிறேன். குஷ்டரோகி தூரத்தில் நின்று "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்ற சட்டம் இருந்த நாட்டில், இயேசு சொல்லால் மட்டும் குணமாக்கியிருக்கலாம். கையை நீட்டி அவனைத் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். தொட்டவர் தீட்டுப்படவில்லை, தொடப்பட்டவன் சுத்தமானான். நான் மேலே சொன்ன அருவருப்பின் கணக்கு அங்கே தலைகீழாகிறது.

ஆனால் கணக்கு ஒருமுறை தலைகீழானால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். யோப்பாவில் தோல் பதனிடுகிறவன் வீட்டில் தங்கியிருந்தபோது தரிசனம் கண்டு, எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்ட பேதுருவே, பிறகு அந்தியோகியாவில், யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உண்பதை விட்டு விலகிக்கொண்டார். அது கொள்கை தெரியாததால் அல்ல. வந்தவர்களுக்குப் பயந்ததால் என்று கலாத்தியர் 2 ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் சபையிலும் பலர் தங்கள் சொந்த அருவருப்பைவிட, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நம் தமிழ்ச் சபைகளுக்கு இந்தப் பாத்திரம் பழைய பரீட்சை. 1833 இல் கல்கத்தாவின் ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, யார் எங்கே அமர்வது, யாருக்குப்பின் யார் திருவிருந்து பெறுவது என்பவையே சண்டைக்குக் காரணமாயின. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அன்று விலகியவர்களும் சாதி வெறுப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை; சுத்தம் என்றும் முறைமை என்றும் சொன்னார்கள். இந்த வரலாற்றை அறிந்த ஒரு சபை, 'சுத்தம்' என்ற காரணத்தை யாராவது முன்வைக்கும்போது இருமுறை யோசிக்கக் கடமைப்பட்டது.

எனவே, தனிக் கிண்ண யோசனையைப் பற்றி என் கருத்து உறுதியானது. சுகாதாரத்தை முன்னிட்டு எல்லோருக்கும் தனித்தனிக் கிண்ணம் என்பதைப் பல சபைகள் பின்பற்றுகின்றன. அதில் தவறேதும் இல்லை. ஆனால் இந்தச் சகோதரி வந்தார் என்பதற்காக உங்கள் சபை இப்போது அதற்கு மாறினால், அருவருப்பு கேட்டதை வழிபாட்டு முறையாகவே எழுதிக்கொடுத்ததாகும். தன்னால்தான் மாறியது என்று அவர் ஞாயிறுதோறும் உணர்வார். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் என்பது அதைவிடக் கொடியது. வழிபாட்டு முறையை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை, குறைந்தது ஓராண்டுக்கேனும் எடுக்க வேண்டாம் என்று உங்கள் சேகர குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குருவானவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், அதனால் அவரிடம் பாகுபாடு காட்டுவதையும் 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஊருக்கே தெரிந்துவிட்டது என்பது பிரசங்கத்திலோ ஜெபக் குறிப்பிலோ அந்தச் சகோதரியைச் சுட்டிப் பேசுவதற்கு அனுமதி ஆகாது. நல்லெண்ணத்தோடுகூட வேண்டாம். அவரை முன்னே அழைத்துச் சாட்சி சொல்லவைப்பது, எல்லோர் முன்னிலையிலும் கட்டித்தழுவிக் காட்டுவது போன்றவை பார்ப்பவர்களுக்குக் கண்ணீர் வரவழைக்கும். அவரை மறுபடியும் ஒரு காட்சிப்பொருளாக்கும்.

நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். அருவருப்பு தீர்ந்தபின் அருகில் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. அச்சத்தைவிட அருவருப்பு மெதுவாகவே தணியும் என்பது சிகிச்சை அனுபவம். வாதத்தால் தணிவதைவிடப் பழக்கத்தால் தணிவது அதிகம். 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், எது யாருடையது என்று தெரியாதபோதும், தாய்மார்களுக்குத் தம் குழந்தையின் மலத்துணி வீசும் நாற்றம் பிறர் குழந்தையுடையதைவிடக் குறைவாகவே அருவருப்பூட்டியது. நமக்கு உரியவர் என்று உடம்பு ஏற்றுக்கொண்டவரிடம் இந்தக் காவல் தளர்கிறது. ஆகவே முதலில் நெருக்கம், பிறகுதான் உணர்ச்சியின் மாற்றம். திருவிருந்தை முதல் படியாக வைக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் போட்டுத் தரும் தேநீரைக் குடியுங்கள். அவருடைய பழைய பள்ளிக்கூட நாள்களைப் பற்றியும் கணவரைப் பற்றியும் அவர் பேச விரும்பினால் கேளுங்கள். நோயைப் பற்றி அவராகப் பேசும்வரை நீங்கள் பேச வேண்டாம். உங்கள் அருவருப்பை அவரிடம் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அது உங்கள் பாரத்தை இறக்கி அவர் தோளில் வைப்பதாகிவிடும். உங்களைக் குணமாக்கும் பொறுப்பு அவருடையது அல்ல.

பிறகு, சங்கத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பளிக்கும் இரண்டு மூன்று பெண்களிடம் மட்டும் பேசுங்கள். அடுத்த அசனத்தில் அவருக்கு ஒரு திட்டமான வேலை இருக்கட்டும், அதைச் சங்கத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் நீங்களே ஒப்படையுங்கள், பக்கத்தில் நீங்களும் அரிவாள்மணையோடு உட்காருங்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட இது வலுவானது. மக்கள் அந்த உணவைச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டபின் அவர்களுடைய உடம்புக்கு ஒரு புதிய அனுபவம் கிடைத்திருக்கும்.

அவர் திருவிருந்துக்குத் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். 11 ஆம் அதிகாரத்தைக் குருவானவர் அவர் வீட்டில் அவரோடு அமர்ந்து வாசிக்கட்டும். அவர் வர விரும்பும் நாளில், அவருக்குப் பக்கத்தில், பாத்திரம் அவருக்கு அடுத்து உங்களிடம் வரும்படியாக நீங்கள் முழங்காலிடுங்கள். மறுபக்கத்தில் உங்கள் தோழியர் இருக்கட்டும். அன்று உங்கள் வயிறு புரட்டலாம். புரட்டட்டும், பருகுங்கள். நெஞ்சில் தோன்றும் உணர்ச்சி உங்கள் கையில் இல்லை. விலகுவதும் விலகாதிருப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அவர் சோர்வும் தன்னைத்தானே தாழ்த்தும் பேச்சும் நீடித்தால், அவர் மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் பேச உடன் செல்லலாமா என்று கேளுங்கள்.

உங்கள் மகளுக்கு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது அந்த அத்தை மட்டுமே சொல்லக்கூடிய செய்தி. ஆனால் "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றோ "அவங்க இஷ்டம்" என்றோ சொல்லிக் கடந்துவிடாதீர்கள், ஏனென்றால் இரண்டும் உண்மை அல்ல. "நாம பெரியவங்க சில பேர் அவங்க பக்கத்துல முழங்கால் போடத் தயங்கினோம், அது அவங்க மனசைப் புண்படுத்திருச்சு, அதைச் சரிசெய்ய நாங்க முயற்சி பண்றோம்" என்று சொல்லுங்கள். திடப்படுத்தல் வகுப்பில் திருவிருந்தைப் பற்றி அவள் படிக்கப்போகும் பாடத்தோடு இது நேராகச் சேரும். அவள் அடுத்து, "அப்போ நான் அவங்க பக்கத்துல முழங்கால் போடட்டுமா?" என்று கேட்கக்கூடும். அனுமதியுங்கள்.